அவருக்கு மணி சொன்னவள்

தையல்காரம்மாவுக்குத் தலையணையில் தலை பட்டால் போதும், தூக்கம் வந்துவிடும். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அவள் தூக்கம் வராமல் புரண்ட இரவுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதை ஒரு வரம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பசித்தால் சாப்பிடுவது போல, அது பாட்டுக்கு நடக்கிற காரியம். ஆனால் கடந்த பதினான்கு மாதமாக அதுவே அவளுக்குத் தான் செய்கிற குற்றம் போல ஆகிவிட்டது. பக்கத்தில் ஒரு மனுஷர் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவள் சுவர்ப் பக்கம் திரும்பி அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

"எப்படித்தான் தூங்குறியோ," என்று ஒருநாள் காலையில் கணவர் கேட்டார். "பங்கு போடுற சாமானா இருந்தா பாதி கேட்டிருப்பேன்."

"கண்ண மூடிக்கிட்டு பேசாம படுங்க, தானா வந்துரும்," என்றாள்.

அவர் பார்த்த பார்வையில், அதற்குப் பிறகு அப்படி ஒரு யோசனையை அவள் சொன்னதே இல்லை.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தரையிலிருந்து இருபத்தெட்டு மீட்டர் உயரத்தில், நூற்றிநான்கு படி ஏறிப் போனால் அவருடைய அறை. ஒரு நாற்காலி, காலடியில் ஒரு கண்ணாடித் தளம், கைக்கு ஒன்றாக இரண்டு நெம்புகோல். இருபத்தாறு வருடமாக அங்கே உட்கார்ந்திருந்ததால் கீழே இருப்பவர்கள் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு சரக்குப் பெட்டியையும் எத்தனை மணிக்குத் தூக்கினார், எத்தனை மணிக்கு இறக்கினார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து மனம்போன போக்கில் நிரப்பிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தந்த நிமிடமே எழுதுவார். நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில் அதற்கென்றே இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தூக்கம் போனது அவருடைய அண்ணனால். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது இரவு இவர்தான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். அண்ணன் பிழைத்து வீட்டுக்குப் போய், இப்போது பத்து மணிக்கெல்லாம் குறட்டை விடுகிறார். தம்பிக்கு மட்டும் போன தூக்கம் திரும்பி வரவில்லை.

தையல்காரம்மா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். ஒன்பது மணிக்கே படுக்கையைத் தட்டிப்போட்டாள். வெதுவெதுப்பான பால் கொடுத்தாள். ஒன்பதுக்கு மேல் வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறப்பதில்லை. வெளியூரிலிருந்து மகள் போன் பண்ணினால், "அப்பா படுத்திருக்காரு," என்று குசுகுசுவென்று சொல்லி வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பத்து மணி வரை புரண்டுகொண்டிருந்தால், பாவம் கிடக்கட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவைப்பாள். பழக்கப்பட்ட டாக்டர் ஒருவர் மாத்திரை கொடுத்தார். முதல் மாதம் கேட்டது, இரண்டாம் மாதம் பாதி கேட்டது, நான்காம் மாதம் காலையில் தலை கனத்ததுதான் மிச்சம். அதே டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

வருடாந்திர உடல் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தூக்கம் எப்படி என்றார். பக்கத்தில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் சொன்னதுபோல 'நன்று' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இவர், "நாலு மணி நேரம், சில நாள் நாலே கால்," என்றார்.

மறுநாளே அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். வாசல் பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. அறுபது நாளுக்குள் தூக்க மருத்துவர் ஒருவரின் கையெழுத்தோடு ஒரு படிவம் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து இருபத்தெட்டு இரவுகளின் குறிப்பு, படுக்கையில் இருந்த நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்காவது தூங்கியிருக்க வேண்டும். கொண்டுவந்தால் மேலே ஏறலாம். இல்லாவிட்டால் கிரேன் வேறொருவருக்கு, சீட்டு எழுதுவது இவருக்கு, ஓய்வு பெறும் வரை.

"சும்மா நன்றுன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று தையல்காரம்மா கேட்டேவிட்டாள்.

"அடியில ஆள் நிக்கிறான்," என்றார் அவர்.

அடியில் நிற்பவரை அவளுக்குத் தெரியும். கொடிக்காரர். பெட்டி இறங்கும் இடத்தில் நின்று கையசைத்துச் சைகை காட்டுபவர். அந்தக் காலத்தில் கொடி வைத்திருந்தார்கள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடமாக இவர் மேலே, அவர் கீழே.

ஆறாம் நாள்தான் தூக்க டாக்டரைப் பார்க்க முடிந்தது. நாற்பது வயதுப் பெண்மணி. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். மனசு எப்படி இருக்கிறது, டீ எத்தனை, கால் குடைச்சல் உண்டா.

"குறட்டை விடுவாரா? தூக்கத்துல மூச்சுத் திணறுமா?" என்று தையல்காரம்மாவைக் கேட்டார்.

"தூங்கினாத்தானே டாக்டர் குறட்டை."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனாலும் விடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அண்ணன் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நெருப்பு வெச்சது அந்த ஒன்பது ராத்திரி. அது எப்பவோ அணைஞ்சிருக்கணும். அணைய விடாம தினமும் யாரோ விறகு போட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒன்பது மணிக்கே படுக்கறது ஒரு விறகு. ஞாயித்துக்கிழமை பத்து வரைக்கும் கிடக்கறது இன்னொண்ணு. நாலு மணி நேரத் தூக்கத்துக்கு ஒன்பது மணி நேரம் படுக்கையில கிடந்தா, மீதி அஞ்சு மணி நேரம் என்ன செய்வீங்க? கவலைப்படுவீங்க. கொஞ்ச நாள்ல படுக்கையப் பாத்தாலே உடம்பு முழிச்சுக்கும்."

தையல்காரம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். விறகில் பாதிக்கு மேல் அவள் சுமந்து வந்து போட்டது.

இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதி வரச் சொன்னார் டாக்டர். இருபதாம் நாள் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு முழு நோட்டுப் புத்தகம். டாக்டரம்மா புரட்டினார். புருவம் ஏறிக்கொண்டே போனது.

"ஒண்ணு நாற்பத்தாறு, முழிப்பு. ஒண்ணு அம்பத்திரண்டு, முழிப்பு. ரெண்டு பதினேழு, கண் சொருகுகிறது. ரெண்டு இருபது, சொருகவில்லை... இதெல்லாம் எப்ப எழுதினீங்க?"

"அப்பப்பவே. தலைமாட்டுல டார்ச், கடிகாரம், பென்சில் எல்லாம் இருக்கு."

"காலையில எழுந்து, குத்துமதிப்பா எழுதுங்கன்னு சொன்னேனே?"

"குத்துமதிப்பா எழுதி எனக்குப் பழக்கம் இல்லம்மா."

"கண் சொருகும்போது பென்சில எடுத்தா, சொருகற கண்ணு என்ன ஆகும்?"

அவர் யோசித்தார். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன வைத்தியம்தான் சிரிக்கிற மாதிரி இல்லை. இனிமேல் இரவு பன்னிரண்டரைக்கு முன் படுக்கைப் பக்கம் போகக் கூடாது. காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், தூங்கினாலும் தூங்காவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும். பகலில் படுக்கக் கூடாது. நடுவில் விழிப்பு வந்து கொஞ்ச நேரம் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து கூடத்து நாற்காலியில் உட்கார வேண்டும், கண் சொருகினால் மட்டும் திரும்ப வேண்டும்.

"அவருக்கு வர்றதே நாலு மணி நேரம். அதுக்கும் இவ்வளவு சட்டமா?" என்றாள் தையல்காரம்மா.

"உடம்புக்குத் தூக்கப் பசி எடுக்கணும்மா. முதல்ல இன்னும் மோசமாத்தான் இருக்கும், மனச திடப்படுத்திக்குங்க. படுத்த நேரமும் தூங்கின நேரமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வந்தப்புறம், கால் மணி கால் மணியா கூட்டித் தருவேன். ராத்திரி கடிகாரம் பாக்கற வேலை இனிமே இவருக்கு இல்ல." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கதான் இவருக்கு மணி. படுக்கச் சொல்றதும் நீங்க, எழுப்பறதும் நீங்க."

கூடத்துக் கடிகாரம் கீழே கடைக்குப் போனது. மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு எட்டடி அவளுடைய தையல் கடை. ஒரு மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, அளவு எழுதும் நோட்டு. இருவருடைய போன்களும் இரவில் அங்கேதான். அவருடைய கைக்கடிகாரத்தை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கழற்றிக் கொடுப்பார், காலையில் அவர் குளித்து முடித்ததும் அவள் திருப்பிக் கொடுப்பாள். வாரை எத்தனை இறுக்கினாலும் அது அவள் கையில் நிற்காமல் முழங்கை வரை ஏறி இறங்கும். ஜன்னலுக்குத் தடித்த திரையும் தைத்துப் போட்டாள். மொத்த வீட்டிலும் இரவில் மணி தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

முதல் ஐந்து இரவு அவள் ஒரு நிமிடம் பிசகவில்லை. அந்த ஐந்து இரவையும் அவள் மறக்கமாட்டாள். பதினோரு மணிக்கெல்லாம் நாற்காலியில் அவர் தலை தொங்கும். "என்னங்க, தூங்காதீங்க," என்று தட்டுவாள். பதினான்கு மாதம் தூங்குங்க தூங்குங்க என்று கெஞ்சிய வாயால் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. படுக்கையில் போட்டால் அரை மணியில் மறுபடி எழுந்து வந்து உட்காருவார். அவளுக்கும் பகலில் தலை சுற்றியது. ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, பிரித்தாள்.

ஐந்தாம் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவர் நேராகப் போய்க் கதவு நிலையில் மோதிக்கொண்டார். புருவத்துக்கு மேலே ஒரு அங்குலத்துக்குக் கிழிந்துவிட்டது.

"கதவு நகர்ந்துடுச்சு," என்றார், அவள் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது.

ஆறாம் இரவு, அவர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள். கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

"பன்னண்டரை ஆயிடுச்சு. போய்ப் படுங்க," என்றாள்.

அவர் அவளைச் சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போனார்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கச் சொன்னால் குறைத்த துணியை வெட்டி எறியமாட்டாள். உள்ளே மடித்து ஒன்றரை அங்குலம் விட்டுவைப்பாள். பிள்ளை வளரும், ஆள் சதை போடுவான், துணி சுருங்கும். அளவு என்பது வெளியே தெரிகிற இடத்தில் சரியாக இருந்தால் போதும், உள்ளே கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். முப்பது வருடமாக அவள் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. டாக்டர் கொடுத்த ஐந்து மணி நேரத்துக்கும் அவள் அதையே செய்தாள். இரவில் முக்கால் மணி, காலையில் அரை மணி, இரண்டு முனையிலும் விட்டுப் பிடித்தாள். அவர் எழுந்து குளிக்கப் போகும்வரை திரையை விலக்கமாட்டாள். குளித்து வந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது, குளியலில்தான் நேரம் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று செய்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு நாளும் அவர் உண்மையில் படுத்த மணியையும் உண்மையில் எழுந்த மணியையும் குறித்துவைத்தாள். எழுதாத அளவு அவளுக்கு நினைவில் நிற்காது.

அவர் இப்போது குறிப்பைக் காலையில்தான் எழுதினார். டாக்டர் சொன்னபடி, கணிப்பாக. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்.

"கணக்கு இடிக்குதும்மா," என்றார் ஒருநாள். "நாலரை மணி நேரம் தூங்கின மாதிரி இருக்கு. ரெண்டு மணி நேரம் முழிச்சிருந்த மாதிரியும் இருக்கு. கூட்டினா ஆறரை வருது. படுத்திருந்ததே அஞ்சுதானே?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முழிச்சிருக்கும்போது நேரம் நீளமாத் தெரியும்னு டாக்டரே சொன்னாங்கல்ல."

"அப்ப என் தலைதான் தப்பாச் சொல்லுது," என்றார். விழித்திருந்த இரண்டு மணியை முப்பது நிமிடமாகக் குறைத்து எழுதினார். கடிகாரத்துக்கும் தனக்கும் தகராறு வந்தால் கடிகாரத்தைத்தான் நம்புவது அவர் வழக்கம். அந்தக் கடிகாரம் அவள் கையில் இருந்தது.

முப்பத்துநான்காம் நாள் டாக்டர் குறிப்பைக் கூட்டிப் பார்த்தார். நூற்றுக்கு எண்பத்தெட்டு. டாக்டர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "எண்ணு நல்லா இருக்கு. ஆளு நல்லா இல்லையே. இந்த எண்ணுக்கு இந்தக் கண்ணு இவ்வளவு சிவந்திருக்கக் கூடாது." கூட்டித் தருவதாகச் சொன்ன கால் மணியைத் தரவில்லை. இன்னும் இரண்டு வாரம் இப்படியே போகட்டும் என்றார்.

தையல்காரம்மா அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எண்பத்தெட்டு என்ற எண்ணைக் கேட்டதும் கணவரின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டாள், அதனால் விழுங்கிக்கொண்டாள். இன்னும் பதினாலு ராத்திரிதானே, மேலே ஏறிவிட்டால் கவலை போய்விடும், கவலை போனால் தூக்கம் தானாக வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாற்பத்தேழாம் நாள் மாலை கொடிக்காரர் கடைக்கு வந்தார். கையில் புதுக் கால்சட்டை.

"அண்ணி, இத நாளன்னிக்குள்ள குறைச்சுக் குடுக்கணும். அண்ணன் மேல ஏறுற அன்னிக்குப் புதுசு போட்டுக்கிட்டுத்தான் அடியில நிப்பேன்."

"என்ன தம்பி, மாப்பிள்ளை ஊர்வலமா?"

"அதுக்கும் மேல. நாளைக்குக் கையெழுத்தாமே? கம்பெனி பூரா பேச்சு."

அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவர் காலடியில் மண்டியிட்டாள். கால்சட்டையை மடித்துக் கணுக்காலில் ஊசி குத்த ஆரம்பித்தாள்.

"அண்ணன் மேல இருந்தா நான் அண்ணாந்தே பாக்கமாட்டேன் அண்ணி. இருபது டன் தலைக்கு மேல போகும், நான் பாட்டுக்கு மூக்கச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பேன். இப்ப தற்காலிகமா ஒருத்தர் ஓட்டுறாரு. நல்லவர்தான். ஆனா அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்தே சுளுக்கிடுச்சு." கழுத்தைத் திருப்பிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணன் வீட்டுல சொல்லியிருக்கமாட்டாரு. நேத்து ஒரு சீட்டுல ஏழாம் முனைன்னு எழுத வேண்டியத ஒண்ணுன்னு எழுதிட்டாரு. லாரி வேற முனைக்குப் போயி ஒரு மணி நேரம் நின்னுச்சு. எழுதுறப்பவே ஒரு நொடி கண் அசந்துட்டாரு போல. நான்தான் பாத்து மாத்திவிட்டேன். யாருக்கும் தெரியாது. காகிதம்தானே அண்ணி, கீழதானே. மேல போயிட்டா அவரு கை தானா நிதானத்துக்கு வந்துரும்."

தையல்காரம்மாவின் கண்ணுக்கு நேரே கொடிக்காரரின் இரண்டு பாதங்கள் இருந்தன. பழைய பூட்ஸ். இடது பூட்ஸின் முனை தேய்ந்து வெளுத்திருந்தது. பத்தொன்பது வருடமாகப் பெட்டிக்கு அடியில் நின்ற கால்கள். அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு மெத்தையில் குத்திவைத்தாள்.

"என்ன அண்ணி, முடிஞ்சுதா?"

"ஒன்றரை குறைச்சிருக்கேன்," என்றாள்.

மறுநாள், நாற்பத்தெட்டாம் நாள், டாக்டரம்மா இருபத்தெட்டு இரவுகளையும் கூட்டினார். அதே எண்பத்தெட்டு. கணவரின் சிவந்த கண்களை மறுபடி ஒருமுறை பார்த்தார், பகலில் அசருகிறதா என்று கேட்டார். "கொஞ்சம்," என்றார் அவர். டாக்டர் தயங்கியபடியே படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"டாக்டர்," என்றாள் தையல்காரம்மா. பையிலிருந்து அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து மேஜைமேல் வைத்தாள். "அவர் எழுதினது நான் சொன்ன மணி. இதுதான் நிஜ மணி."

இருபத்துமூன்று வரிகள் இருந்தன. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். படுக்கையில் இருந்தது சராசரி ஆறு மணி இருபது நிமிடம். தூங்கியது நான்கு மணி இருபத்தைந்து நிமிடம். நூற்றுக்கு எழுபது.

"திட்டமாட்டேன்மா," என்றார் டாக்டர். "பாவம் பாத்து இப்படிச் செய்யறது நிறைய வீட்டுல நடக்கும். ஆனா பசி எடுக்க விடாம நடுநடுவுல தீனி குடுத்த மாதிரி ஆயிடுச்சு. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இருபத்தெட்டு நாள்."

"இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு டாக்டர்."

"தெரியும்மா. வேணும்னா கால அவகாசம் கேட்டு ஒரு கடிதம் தர்றேன். இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது."

கணவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அவசரப்படவில்லை. பதினேழாம் வரியில் விரல் நின்றது.

"ஞாயித்துக்கிழமை காலையில அம்பது நிமிஷமா?"

"அன்னிக்கு நல்லாத் தூங்கினீங்க. மனசு வரல."

அவர் தலையாட்டினார். "அப்ப என் தலை சரியாத்தான் சொல்லியிருக்கு," என்று மட்டும் சொன்னார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஏழு நிறுத்தம் போயிற்று.

"கொடிக்காரன் கால்சட்டை எவ்வளவு குறைச்ச?"

"ஒன்றரை அங்குலம்."

"அளந்தியா?"

"ரெண்டு தடவை."

"சரி," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவகாசம் கேட்ட கடிதத்துக்குக் கம்பெனி பதில் போடவில்லை. அறுபதாம் நாள் சாயங்காலம் கொடிக்காரர் ஒரு துணிப்பையோடு வந்தார். மேலேயிருந்து இறக்கிக் கொண்டுவந்த சாமான்கள். நடுவில் பள்ளம் விழுந்த ஒரு நாற்காலித் திண்டு, ஒரு பிளாஸ்க், நூல் கட்டிய பென்சில். புதுக் கால்சட்டையைத்தான் போட்டிருந்தார். கிரேனை அந்தத் தற்காலிகக்காரருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள்.

"கழுத்து எப்படிடா இருக்கு?" என்று கேட்டார் மேல்வீட்டுக்காரர்.

"பழகிடும்ணே."

கொடிக்காரர் போன பிறகு அவர் பென்சிலை எடுத்துக் கொஞ்ச நேரம் நூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தூக்கக் குறிப்பு நோட்டுக்குள் வைத்தார். இந்தப் பன்னிரண்டு இரவும் தையல்காரம்மா நிமிடம் பிசகாமல் மணி சொல்லியிருந்தாள். முதல் ஏழு இரவின் சராசரி மூன்று மணி ஐம்பது நிமிடம். டாக்டர் சொன்னபடியே முன்னைவிட மோசம். அடுத்த ஐந்து இரவின் சராசரி நான்கு மணி பத்து நிமிடம். நூற்றுக்கு எண்பத்துமூன்று. இதைக் கொண்டுபோய்க் கொடுக்க இப்போது ஓர் இடமும் இல்லை.

"இன்னிக்கு ஒருநாள் சீக்கிரம் படுத்துக்குங்களேன்," என்றாள் அவள். "இனிமே யாருக்குக் கணக்கு?"

"நீ மணியப் பாரு," என்றார்.

பதினொரு மணிக்கு அவர் தலை தொங்கியது. தட்டினாள். அவளுக்கே கண் எரிந்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, துவைத்த துணிகளை மடித்தார்கள். மடிக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்கள். பன்னிரண்டரைக்கு அவர் படுத்தார். இரண்டு மணி போல நாற்காலி கிரீச்சிட்டதை அவள் தூக்கத்தில் கேட்டாள். மறுபடி அவர் எப்போது வந்து படுத்தார் என்று தெரியாது.

ஐந்து இருபத்தெட்டுக்கு விழித்தாள். அந்தப் பழக்கம் இப்போது அவளுக்கு வந்துவிட்டது. கடிகாரம் முழங்கையில் கிடந்தது.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மூச்சு நீளமாக, ஒரே சீராக வந்தது. இந்தப் பதினாறு மாதத்தில் அவரை இப்படி அவள் பார்த்தது நாலைந்து தடவைதான். புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு. இன்னும் ஓர் அரை மணி, யாரும் கேட்கப் போவதில்லை. படிவம் இல்லை, கிரேன் இல்லை, அடியில் நிற்கிற ஆளும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே போனால் போதும்.

இரண்டு நிமிடம் நின்றாள். பிறகு குனிந்து தோளைத் தொட்டாள்.

"என்னங்க. எந்திரிங்க. மணி அஞ்சரை."

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "உன்னோட அஞ்சரையா, கடிகாரத்தோட அஞ்சரையா?"

"கடிகாரத்தோடது."

கண்ணை மூடியபடியே கையை நீட்டினார். குளித்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. முழங்கையிலிருந்து கடிகாரத்தை உருவி அந்தக் கையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. விரல்களை மூடிக்கொண்டு, எழுந்து உட்கார்ந்தார்.